ஒரே பீடம், இரண்டு கூடங்கள்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே உள்ள வடக்கன்குளத்தில் 1872-ஆம் ஆண்டு ஓர் ஆலயம் எழுந்தது. திருக்குடும்பத்தின் பெயரால் அர்ப்பணிக்கப்பெற்ற அவ்வாலயத்தின் அமைப்பு கிறிஸ்தவ உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஒன்று. பீடம் ஒன்றே. ஆனால் அதை நோக்கி வரும் மக்கள் கூடங்கள் இரண்டு. பீடத்தருகே நெருங்கியிருக்கும் அவை இரண்டும், வாசலை நோக்கிச் செல்லச் செல்ல ஒன்றைவிட்டொன்று விலகிப் போகும். ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். இடையில் தடுப்பு. திருப்பலி நிறைவேற்றும் குருவை இரு சாராரும் காணலாம். ஒருவரை ஒருவர் காண இயலாது. இரண்டு கால்களாகப் பிரியும் அதன் வடிவத்தைக் கண்டு ‘கால்சட்டைக் கோவில்’ என்று பிற்காலத்தார் கேலியாகப் பெயரிட்டனர். பெயரில் நகைச்சுவை இருக்கிறது, கட்டடத்தில் இல்லை.

வடக்கன்குளம் இன்று தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் வாழும் நமக்கு அதனோடு என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். அந்த ஆலயம் எழுந்தபோது அவ்வூர் மதுரை மிஷனின் ஊர். மதுரை நகரில் தொடங்கி, மறவர் நாடு, திருச்சி, தஞ்சை, நெல்லை என விரிந்த அந்த மறைப்பணித் தளத்தின் சரித்திரமே நம்முடைய சரித்திரம். அருளானந்தரின் இரத்தத்தை நம்முடையது என்று உரிமை கொண்டாடுகிற நாம், வடக்கன்குளத்துச் சுவரை மட்டும் அயலாருடையது என்று ஒதுக்க முடியாது.

அச்சுவரின் இரு பக்கமும் இருந்தவர்கள் விசுவாசமற்றவர்கள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக வேதத்தில் நின்றவர்கள் அவர்கள். குருக்களே இல்லாதிருந்த காலத்திலும் உபதேசியாரின் துணைகொண்டு செபங்களை மறவாமல் காத்தவர்கள். உழைத்த பணத்தையும் உடல் உழைப்பையும் ஆலயத்துக்கு அள்ளித் தந்தவர்கள். ஞாயிறு திருப்பலி, செபமாலை, ஒறுத்தல், திருவிழா எதிலும் குறையில்லை. ஆகையால்தான் அந்தக் கட்டடம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பக்தி குறைந்த இடத்தில் சுவர் எழுந்திருந்தால் அதில் வியப்பில்லை. பக்தி பெருகிய இடத்தில், பக்தியின் செலவிலேயே அது எழுந்தது.

விவிலியத்தில் இதற்கொரு முன்னோடி உண்டு. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 609 ஆண்டுகளுக்கு முன், யோயாக்கிம் அரசனின் ஆட்சி தொடங்கிய நாட்களில், எரேமியா எருசலேம் ஆலய வாசலில் நின்று பேசினார். உள்ளே சென்றுகொண்டிருந்தவர்கள் வேற்றினத்தார் அல்லர். திருநாளுக்கு வந்த யூதா நாட்டு மக்கள். இது ஆண்டவரின் ஆலயம் என்று மந்திரம்போல் மூன்று முறை சொல்லி அவர்கள் தேற்றிக்கொள்வதை இறைவாக்கினர் கடிந்துகொண்டார். அந்நியனையும் அனாதையையும் கைம்பெண்ணையும் ஒடுக்கிவிட்டு ஆலயத்துக்குள் புகுந்து பாதுகாப்புத் தேடுவது, கொள்ளையர் குகைக்குள் பதுங்குவதற்குச் சமம் என்பது அவர் வாதம். இச்சொல்லையே பின்னர் நம் ஆண்டவரும் அதே நகரின் ஆலய முற்றத்தில் எடுத்தாண்டார்.

எரேமியா காட்டிய சான்று சீலோ. அது வரலாற்றுச் சான்று. ஆகவே கேட்டவர்களுக்கு மிகவும் உறைத்தது. சீலோவில் உடன்படிக்கைப் பேழை இருந்தது. பெலிஸ்தியரோடு நடந்த முதல் போரில் இஸ்ரயேலர் நாலாயிரம் பேரை இழந்தனர். ஏன் தோற்றோம் என்று தங்கள் வாழ்வை ஆராய்வதற்குப் பதிலாக, பேழையைப் போர்க்களத்துக்குக் கொண்டுவர ஆளனுப்பினர். பேழை வந்ததும் எழுந்த ஆரவாரத்தில் நிலமே அதிர்ந்தது என்கிறது சாமுவேல் நூல். அடுத்த போரில் வீழ்ந்தவர்கள் முப்பதாயிரம் பேர், பேழையும் பறிபோயிற்று. பேழை இல்லாத தோல்வியைவிடப் பேழையோடு நின்ற தோல்வி பெரிது. எருசலேம் மக்கள் இதைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். எனினும் சீலோவைப் பற்றிப் பேசியதற்காக எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று கூச்சலிட்டனர். அவர்களில் முன்னின்றவர்கள் குருக்கள் என்பதை, குருவாகிய நான் கடந்துபோக முடியாது. கி.மு. 587-இல் பாபிலோனியர் வந்தனர், ஆலயம் எரிந்தது.

மதுரைக்கு வருவோம். 1595-இல் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசிய சேசு சபைக் குரு மதுரையில் ஒரு சிறு ஆலயம் அமைத்தார். முன்னாள் போர்வீரர், கடமை தவறாதவர். வாணிபத்தின் பொருட்டுக் கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவர்களுக்கு அந்த ஆலயம் பயன்பட்டது. ஆனால் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தும், மதுரை மக்கள் அதன் வாசலை மிதிக்கவில்லை என்றே சொல்லலாம். 1606 நவம்பரில் இராபர்ட் தெ நொபிலி இந்நகருக்கு வந்து காரணத்தைக் கண்டறிந்தார். மக்களுக்குக் கிறிஸ்தவம் என்பது ஒரு விசுவாசமாகத் தோன்றவில்லை. பரங்கியரின் உடை, உணவு, பழக்கம் ஆகியவற்றின் தொகுப்பாகத் தோன்றிற்று. பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்டே திருமுழுக்கு அளிக்கும் வழக்கம் இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். குலம் மாறினால் மீட்பு என்று நாமே போதித்துவிட்டோம் என்பது அவருடைய வேதனை.

நொபிலி காவி உடுத்தார், மரக்கறி உண்டார், தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார், தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார். இவை நம் வாசகர் அறிந்தவை. அவருடைய வாதத்தின் ஆணிவேர் ஒரு வேறுபாடு. சமயத்துக்கு உரியது ஒன்று. குடிமை வழக்கத்துக்கு உரியது மற்றொன்று. குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியன குடிமை வழக்கங்கள். அவற்றை விடாமலே ஒருவர் கிறிஸ்தவராகலாம் என்றார். பல ஆண்டு வழக்குக்குப் பின், 1623 ஜனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் நிபந்தனைகளோடு அதற்கு இசைவு அளித்தார். வெளிக்கோலம் மீட்பளிப்பதில்லை, வெளிக்கோலம் தடையும் ஆவதில்லை என்ற அந்த நிலைப்பாடு, எரேமியாவின் போதனைக்கு நெருக்கமானது என்றே நான் கருதுகிறேன். அதைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மதுரை மண்ணில் ஒருவர் சொன்னது நமக்குப் பெருமை.

ஆனால் அந்தக் குடிமை வழக்கம் என்னும் பெட்டிக்குள் குடுமியும் சந்தனமும் மட்டும் வைக்கப்படவில்லை. சாதிப் பிரிவும் அதனுள் போய் அமர்ந்துகொண்டது. குடுமி வைப்பவனால் அடுத்தவனுக்குத் தீங்கில்லை. தீட்டு அப்படியா? அது அடுத்தவனைத் தொட்டே வாழ்வது. தொடமாட்டேன் என்பதே அதன் உயிர். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்ததன் விளைவு விரைவில் புலப்பட்டது. பிராமண சந்நியாசி கோலத்தில் இருந்த குரு, தாழ்த்தப்பட்டோரோடு வெளிப்படையாகப் பழக இயலாதவரானார். 1640-இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமியாக வேடம் பூண்டது இக்குறையை நீக்கும் பொருட்டே. பண்டாரசாமிகள் பெரும் தொண்டு செய்தனர். அருளானந்தரும் அவ்வழியில் வந்தவரே. எனினும் ஒரே ஆண்டவரின் குருக்கள் இரு வகையினராக நின்றதைக் கண்ட மக்கள், அதிலிருந்து ஒரு பாடம் படித்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபார் சடங்குகள் பற்றிய பெரும் விவாதம் எழுந்தது. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன், 1704 ஜூன் திங்களில் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன் பிரிவுகளைப் படிக்கையில் மனம் இரு திசையில் இழுபடுகிறது. திருமுழுக்கில் உமிழ்நீர் பயன்படுத்துவதை மறைப்பணியாளர் விட்டது தவறு என்றது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது என்றது. இந்நாட்டு மக்களின் மனநிலையை அறியாத ஓர் அந்நியரின் கண்டிப்பு என்று இவற்றைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் அதே ஆணையில், நோயுற்ற பறையர் மக்களின் இல்லங்களுக்குள் குருக்கள் சென்று திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. நாட்டைப் பற்றி ஒன்றும் அறியாமல் சில மாதங்களே இங்கு தங்கிய ஒருவரின் கண்ணில் பட்டது அது. நூறாண்டுகள் இங்கு வாழ்ந்து, நம் மொழியில் நூல்கள் எழுதி, இந்த மண்ணிலேயே மாண்டவர்களோ அதைத் தவிர்க்க முடியாத வழக்கமென ஏற்றிருந்தனர். சாகும் தறுவாயில் இருக்கும் மனிதனின் வாசற்படி, குருவைத் தடுத்து நிறுத்தியது.

வாதங்கள் நாற்பது ஆண்டுகள் நீடித்தன. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையில், தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாடு ஒப்புக்கொள்ளப்பட்டது. கண்டிப்புக்கும் வழக்கத்துக்கும் இடையே காணப்பட்ட சமரசம் அது. அந்த ஆணையின்படி மறைப்பணியாளர் எடுத்துவந்த சத்தியப் பிரமாணம் 1940-இல்தான் நீக்கப்பட்டது. குடுமியைப் பற்றியும் தாலியைப் பற்றியும் உரோமையோடு இரு நூற்றாண்டுகள் வாதாடிய திருச்சபை, தீட்டைப் பற்றித் தன்னோடு தானே அவ்வளவு வாதாடவில்லை என்பதே என் கணிப்பு. இதை மறுப்போர் இருக்கலாம். அந்நாளைய நிலைமைகளை அவர்கள் சுட்டிக்காட்டுவர். நிலைமைகள் கடினமானவை என்பதை நானும் அறிவேன்.

1744-க்கு அடுத்த ஆண்டு, மே 14-ஆம் நாள், வடக்கன்குளத்தில் ஒரு திருமுழுக்கு நிகழ்ந்தது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலர் நீலகண்டன். டச்சுப் படைத்தலைவர் டிலனாயிடமிருந்து விசுவாசத்தை அறிந்து, நாட்டின் எல்லை கடந்து, மதுரை மிஷனைச் சேர்ந்த புத்தாரி அடிகளிடம் வந்து சேர்ந்தார். இலாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் எனப் பெயர் பெற்றார். உயர்குடியில் பிறந்தவர், எல்லாரோடும் சரிசமமாகப் பழகினார் என்பதும் அவர் மேல் எழுந்த பகையின் காரணங்களுள் ஒன்று. எருமை மீதேற்றி ஊரூராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14-இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே ஊரில் நூற்றிருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் எழுந்ததே இரு கூடங்கள் கொண்ட ஆலயம்.

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடக்கலாம். 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டது, மிஷன் மெலிந்தது. 1838-இல் பிரெஞ்சு சேசு சபையினர் வந்து சேர்ந்தபோது, கோவாவின் ஆளுகைக்கு உட்பட்ட குருக்களுக்கும் அவர்களுக்கும் பிணக்கு மூண்டது. எந்த ஆலயத்தின் சாவி யாரிடம் என்பதே ஊர்தோறும் கேள்வியாயிற்று. வழக்குமன்றங்கள் வரை அது சென்றது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆங்கிலிக்கன் சபையின் ஆயர் டானியல் வில்சன், 1833-இல், ஆலயத்திலும் நற்கருணைப் பந்தியிலும் சாதி வேறுபாடு அடியோடு கூடாதென்று கடிதம் எழுதினார். தஞ்சையில் கிறிஸ்தவப் புலவர் வேதநாயக சாஸ்திரியார் போன்றோரே அதை எதிர்த்து நின்றனர். ஆக, இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய நோய் அன்று. எவருடைய வேதாகமம் எந்தப் பதிப்பாயினும், அமரும் இடம் பற்றிய நூல் ஒன்றாகவே இருந்தது.

வடக்கன்குளத்தில் யார் எங்கே அமர்வது என்ற பூசல் பல ஆண்டுகள் புகைந்தது. இரு கூட ஆலயம் அதற்கு ஒரு சமரசம். கட்டியவர்கள் அதைச் சமாதானம் என்றே நம்பியிருப்பார்கள். இரு தரப்பும் திருப்பலிக்கு வருகின்றன, கைகலப்பு இல்லை, நற்கருணை வாங்குவோர் தொகை குறையவில்லை. ஓர் ஆண்டறிக்கையில் எழுதுவதற்கு இவை போதும். முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்தச் சமாதானம் நீடித்தது. 1910-இல் கௌசானல் அடிகளார் தடுப்பை இடித்துத் தள்ளினார். பிரான்சில் பிறந்து, தம் வாழ்நாளை நெல்லைச் சீமைக்கு ஈந்தவர் அவர்.

இடிந்த சுவருக்காக வேளாளர் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. கிறிஸ்தவர்களாகிவிட்ட பின் தீட்டின் அடிப்படையில் தனியிடம் கோரும் உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இதில் என் கவனத்தை ஈர்ப்பது, வாதிகள் முன்வைத்த நியாயம். நெடுங்காலமாக உள்ள வழக்கம் இது என்றனர். குடிமை வழக்கம்! மதுரையில் நொபிலி திறந்த பெட்டி, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் வந்து இறங்கிற்று. வெளிக்கோலத்தில் மீட்பு இல்லை என்று காட்டுவதற்காக ஒரு மகான் செய்த வேறுபாடு, வெளிக்கோலத்தையே மீட்பாகக் கொண்டவர்களின் கேடயமாயிற்று. ஆலயம் எங்களுடையது, முன்னோர் கட்டியது, எங்கள் இடம் எங்களுக்கு என்ற அந்தக் குரலுக்கும், எருசலேம் வாசலில் எரேமியா கேட்ட குரலுக்கும் வேறுபாடு காண என்னால் இயலவில்லை. கிறிஸ்தவ ஆலயத்தில் சாதி இல்லை என்று கிறிஸ்தவர்களுக்குச் சொல்ல, அன்னிய அரசின் நீதிமன்றம் தேவைப்பட்டது.

இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1939 ஜூலை 8-ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துச் சென்றார். கோவில் தீட்டுப்பட்டதென்று கூறி வழிபாட்டை நிறுத்தியோர் அங்கும் இருந்தனர். அந்நிகழ்ச்சியைக் கத்தோலிக்கர் நாம் குறிப்பிடும்போது ஒரு தொனி புகுந்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன். எங்கள் ஆலயக் கதவு எவருக்கும் அடைக்கப்பட்டதில்லையே என்ற தொனி. உண்மைதான்; கதவு அடைக்கப்படவில்லை. கதவைத் தாண்டிய பின் யார் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே எழுதாச் சட்டமாயிருந்தது. வெளியே நிறுத்தப்பட்டவனுக்குத் தான் வெளியே நிற்பது தெரியும். உள்ளே ஒதுக்கப்பட்டவனிடம், நீ உள்ளேதானே இருக்கிறாய் என்று சொல்லி வாயடைத்துவிடலாம்.

இவை பழங்கதைகள் என்று ஏட்டை மூடிவிட முடிந்தால் நன்று. 2008-ஆம் ஆண்டில் இரண்டு திங்கள் இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் அதற்கு இடம் தரவில்லை. மதுரை மாவட்டத்தில் எழுமலையை அடுத்த உத்தப்புரத்தில், 1989-இல் எழுந்த கலவரத்துக்குப் பின் இரு சமூகத்தாருக்கிடையே கட்டப்பட்ட நீண்ட சுவர் ஒன்று இருந்தது. நாடெங்கும் அது பேசுபொருளாகி, 2008 மே 6-ஆம் நாள் மாவட்ட நிர்வாகம் அதன் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. சுவரை இழந்த தரப்பினர் நூற்றுக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய்த் தங்கினர். வீட்டையும் ஆடுமாடுகளையும் துறக்கச் சம்மதித்தனர். சுவரைத் துறக்க மனம் வரவில்லை. அவ்வூர் முத்தாலம்மன் கோவிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2011 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதைப் பற்றி நம்மவர் பலரும் வருந்திப் பேசினர், கட்டுரைகள் எழுதினர்.

அதற்கு இரண்டு திங்களுக்கு முன், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து ஏறையூரில் என்ன நடந்தது? புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பெரிய, பழமையான பங்குகளுள் ஒன்று அது, வானளாவும் ஆலயம், ஏராளமான இறையழைத்தல்கள். ஆலயத்தில் தனி இடம், இறந்தோரைச் சுமக்கத் தனி வண்டி, புதைக்கத் தனி நிலம் என்ற நிலையில் வாழ்ந்த தலித் கத்தோலிக்கர், தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்குமாறு கேட்டனர். சமத்துவம் கிட்டாதபோது பிரிவையாவது தாருங்கள் என்ற கோரிக்கை அது. 2008 மார்ச் 9 அன்று கலவரம் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் மறுதரப்பில் இருவர் மாண்டனர். சுடப்பட்டவர்களும் கத்தோலிக்கர், வீடிழந்தவர்களும் கத்தோலிக்கர். அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அந்த ஆண்டு அந்த ஞாயிறுக்கு உரிய நற்செய்தி, கல்லறையிலிருந்து இலாசர் எழுப்பப்பட்ட பகுதி.

கல்லறை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. நம் தமிழகத் திருச்சபையில் ஆலயத்துச் சுவர்கள் விழுந்த பின்னும் கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள் விழாத ஊர்கள் இருக்கின்றன. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தை இரு பகுதிகளாகப் பிரித்த சுவர் பலமுறை போராட்டத்துக்கு உள்ளாயிற்று. உயிரோடிருப்பவன் தீட்டு அஞ்சுவதற்காவது அவனுடைய நூலில் காரணம் எழுதியிருக்கும். உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறவன், உயிர்த்தெழும்போது யார் பக்கத்தில் எழுவது என்று கவலைப்படுவது எந்த இறையியலில் அடங்கும்? குருமடத்தில் நான் பயின்ற பாடங்களில் இதற்கு விடை இல்லை.

2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமை சென்று சந்தித்தபோது, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சாதி உணர்வின் சாயல்கூட நற்செய்திப் பணிக்கு முரண் என வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். ஆயர் பேரவையும் பலமுறை அறிக்கை விடுத்துள்ளது. தமிழகக் கத்தோலிக்கரில் பாதிக்கு மேற்பட்டோர் தலித் மக்கள் என்பதை எல்லா அறிக்கைகளும் ஒப்புக்கொள்கின்றன. அறிக்கைகள் வரும்; வாசிக்கப்படும்; அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். திருவிழா நெருங்கியதும் தேர் எந்தத் தெரு வழி செல்வது, கொடியை எவர் தொடுவது, முதல் மண்டகப்படி எவருக்கு என்ற கேள்விகளோடு நிர்வாகிகள் பங்குத்தந்தையின் அறைக்கு வருவர். என் குருத்துவ வாழ்வில் நள்ளிரவு வரை நீண்ட பேச்சுவார்த்தைகள் பல. அவற்றுள் ஒன்றுகூட விசுவாசக் கோட்பாடு பற்றியதன்று. தெருக்களைப் பற்றியவை.

இந்த வரலாற்றில் மற்றுமொரு முடிச்சு உள்ளது. கிறிஸ்தவனுக்குச் சாதி இல்லை என்ற கோட்பாடு, வடக்கன்குளத்து வழக்கில் ஒடுக்கப்பட்டோருக்குச் சாதகமாயிற்று. அதே கோட்பாட்டையே 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தியது. பட்டியல் சாதியினருக்குரிய சலுகைகள் இந்துக்களுக்கு மட்டுமே என அதன் மூன்றாம் பத்தி வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. உங்கள் சமயத்தில்தான் சாதி இல்லையே என்கிறது அரசு. நாம் தில்லி வரை சென்று, இல்லை, இருக்கிறது என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. நம்முடைய சான்றுகள் எவை? தனிக் கல்லறைகள், தனித் தெருக்கள், ஏறையூர். நம் பாவங்களையே ஆவணமாக்கி நீதி கேட்கும் நிலை! ஊர்வலத்தில் முன்வரிசையில் நடக்கிற சிலர், ஊர் திரும்பியதும் தேர்ப்பாதைக் கூட்டத்தில் எந்தப் பக்கம் அமர்கின்றனர் என்று நான் பார்ப்பதுண்டு.

2022 மே 15-ஆம் நாள், உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். அதற்கு முன்னரே அவர் பெயரோடு நெடுங்காலம் வழங்கிவந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கிவிட்டது. அறிவிக்கப்பட்ட பெயர் தேவசகாயம் என்பதே. அந்த நாளிலிருந்து ஆரல்வாய்மொழிக்கும் காற்றாடி மலைக்கும் திருப்பயணிகளின் வருகை பெருகியுள்ளது. மதுரையிலிருந்தும் பேருந்து அமர்த்திக்கொண்டு செல்கின்றனர். மன்றாட்டுகள் கேட்கப்படுவதாகச் சொல்கின்றனர். ஓரியூர்ச் செம்மண்ணைப் போல அவ்விடத்து மண்ணும் வீடுகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. மண்ணை எடுத்துவருவதை நான் பழிக்கவில்லை. மறைசாட்சியின் இரத்தம் சிந்திய இடத்தில் மண்டியிட எவருக்கும் தோன்றும்.

பயணம் செல்வோர் வழியில் வடக்கன்குளத்தில் இறங்கி, அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரைக் காண்பது வழக்கமாகிவருகிறது. நம் பங்கிலிருந்து செல்வோரிடம் நான் வேண்டிக்கொள்வது சிறியது. 1872-இன் ஆலயத்தில் பீடத்தருகே, இரு கூடங்களும் சேருமிடத்தில் சற்று நில்லுங்கள். திருப்பலி நிறைவேற்றிய குருக்கள் முப்பத்தெட்டு ஆண்டுகள் பார்த்த காட்சியை வாசலை நோக்கித் திரும்பிப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு கூடம், வலப்பக்கம் ஒரு கூடம். உங்கள் குடும்பம் எந்தக் கூடத்தில் அமர்ந்திருக்கும், அல்லது இரண்டிலுமே அமர்ந்திருக்க விடப்பட்டிருக்குமா என்று பிள்ளைகள் கேட்டால், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லாதீர்கள்.